ஓடுற மிசினத் தொறக்காதே

மலேசியாவில் நிபோங் திபால் என்றால் பலருக்குச் சாப்பாடுதான் ஞாபகத்துக்கு வரும். கிரியான் ஆற்றோரத்து இறால், நண்டு, ராத்திரியில் மின்மினிப் பூச்சி பார்க்கப் படகு. கொஞ்சம் வயதானவர்கள் என்றால் தொண்ணூற்றொன்பது கதவு பங்களாவையும், 1948-ல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் அதற்குள்ளேயே சுடப்பட்டுச் செத்ததையும், அங்கே உலாவுகிற பேய்களையும் சேர்த்துச் சொல்வார்கள். இதே ஊரில், செம்பனைக்கு நடுவில், 2001-லிருந்து யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. அதற்குள் ஏரோஸ்பேஸுக்கென்றே ஒரு தனிப்பிரிவு இருப்பது தோட்டத்துச் சனத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அங்கேதான் கடைசி வருஷம் படிக்கிறேன். வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரம்.

ஏரோஸ்பேஸ் என்றதும், "பைலட்டாம்மா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப ஸ்டூவர்டஸா?" அதுவும் இல்லை என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, அந்த 370 எங்கதான் போச்சு?" கல்யாண வீடு, கோயில் திருவிழா, ஒட்டுக்கடை, எங்கே போனாலும் இதே மூன்று கேள்வி, இதே வரிசை. மூன்றாவது, காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370 பற்றியது. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியால்தான் நம் ஊர்ச் சனத்துக்கு ஏகார்ஸ் என்ற பெயரே தெரியும். விமானம் தன் நிலவரத்தைத் தானே தரைக்குச் சொல்லி அனுப்பும் தந்தி மாதிரியான ஏற்பாடு அது. 2014 மார்ச் 8-ம் தேதி அதிகாலை 1:07-க்கு அந்த விமானத்திலிருந்து கடைசி ஏகார்ஸ் செய்தி வந்தது. 1:37-க்கு வர வேண்டிய அடுத்தது வரவில்லை. அதற்கப்புறம் கிட்டத்தட்ட மணிக்கொரு தடவை செயற்கைக்கோளுக்குக் கிடைத்ததெல்லாம் 'இருக்கிறாயா?', 'இருக்கிறேன்' என்ற அளவுக்கான சமிக்ஞைதான். இன்ஜின் எப்படி ஓடுகிறது என்ற விவரம் அதில் எதுவும் இல்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் பாடம், காணாமல் போகாத விமானங்கள் அன்றாடம் அனுப்பும் தகவலை வைத்து, எந்தச் சாமான் எப்போது கெடும் என்று முன்கூட்டிக் கண்டுபிடிப்பது. தரவு வழிப் பராமரிப்பு என்கிறார்கள். பேர் புதுசு, வேலை பழசு. விமானிகள் பறக்கும்போதே இன்ஜினின் வெப்பம், சுழற்சி வேகம், எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் தாளில் குறித்து, அதைத் தரையில் ஒருவர் வரைபடத்தாளில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இப்போது தாளுக்குப் பதிலாகச் செயற்கைக்கோள், புள்ளி வைத்தவருக்குப் பதிலாகக் கணினி. 2017-ல் ஏர்பஸ் கொண்டுவந்த ஸ்கைவைஸ் போன்ற தளங்களில் பல நிறுவனங்களின் விமானத் தகவல் ஒரே இடத்தில் சேர்கிறது. நம் ஏர் ஏசியாவும் அதில் சீக்கிரமே சேர்ந்துகொண்ட ஒன்று.

என் அப்பா செம்பனை எண்ணெய் மில்லில் பிட்டர். இந்தப் பாடத்தை எடுத்த புதிதில் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு ஒரே வரிதான் சொன்னார்: "ஓடுற மிசினத் தொறக்காத. தொறந்தா அப்புறம் அதுக்கு நீதான் பொறுப்பு."

அனுபவஸ்தர்கள் சொல்கிற சோம்பேறி வசனம் என்று அப்போது தோன்றியது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவில் வேலை செய்த வாடிங்டன் என்ற உயிரியலாளர் இதையே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். (எபிஜெனிட்டிக்ஸ் என்ற சொல்லை உண்டாக்கிய அதே வாடிங்டன்தான். போர் வந்தால் கருவியல் படித்தவரும் விமானக் கொட்டகைக்கு வர வேண்டியதுதான்.) நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானங்களுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு முறை பரிசோதனை. பரிசோதனை முடிந்து வந்த விமானத்தில் கோளாறு குறைய வேண்டும், அல்லவா? அவர் கணக்கில் தலைகீழாக வந்தது. பரிசோதனை முடிந்த கையோடு கோளாறுகள் எகிறின. பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த பரிசோதனை முடிந்ததும் மறுபடி எகிறின. ஒழுங்காக இருந்ததைக் கழற்றி மாட்டியதில்தான் பாதித் தொல்லையே. பரிசோதனைகளின் இடைவெளியை நீட்டி, தேவையில்லாத வேலைகளை நீக்கியதும் பறக்கும் நேரம் கூடியது.

1978-ல் யுனைட்டெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இரண்டு பேர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை இதைவிடப் பெரிய அடி. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆயுள் உண்டு, அது முடிவதற்குள் கழற்றி மாற்றிவிட்டால் பத்திரம் என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. அவர்கள் பார்த்த சாமான்களில் வயதாக வயதாகக் கெடும் வாய்ப்பு கூடுகிறவை 11 சதவீதம் மட்டுமே. மீதி 89 சதவீதத்துக்கு வயதை வைத்து மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. அதிலும் 68 சதவீதம், புதிதாக மாட்டிய உடனே கெடும் வாய்ப்பு அதிகம் உள்ள ரகம். இந்தச் சிந்தனை முன்பே நடைமுறைக்கு வரத் தொடங்கியிருந்தது. பழைய முறையில் டிசி-8 விமானத்துக்கு 339 சாமான்களைக் காலக்கெடு வைத்துக் கழற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டும். புதிய முறையில் வந்த டிசி-10க்கு 7 மட்டும். 339 எங்கே, 7 எங்கே. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அதத்தானே நானும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

சரி, கழற்றிப் பார்க்கக் கூடாது என்றால் உள்ளே நடப்பது எப்படித் தெரியும்? வெளியிலிருந்து கேட்க வேண்டும். மில்லில் குலைகள் நீராவியில் வெந்து, காய் உதிர்ந்து, மசிந்து, கடைசியில் ஸ்க்ரூ பிரஸ்ஸுக்கு வரும். இரண்டு தடித்த திருகுகள் பக்கத்துப் பக்கத்தில் சுழன்று பிழிந்து தள்ளும். திருகு தேயத் தேய, சக்கையோடு எண்ணெயும் போகும். அப்பா அந்தப் பக்கம் நடக்கும்போது முதலில் ஆம்பியர் மீட்டரைப் பார்ப்பார். அப்புறம் வெளியே வரும் சக்கையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து நசுக்குவார். கியர்பாக்ஸ் பேரிங் மேல் சந்தேகம் என்றால் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். பள்ளி விடுமுறையில் சாப்பாடு கொண்டுபோனபோது நானும் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். இரைச்சலைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கரகரன்னு இருக்கில்ல?" என்றார். பெரிய குலைக் காலம் தாண்டும்வரை தாக்குப்பிடிக்கும் என்று அதை அப்போது மாற்றவில்லை. குலை வந்து குவிகிற நேரத்தில் பிரஸ் நின்றால் பழம் காத்திருந்து புளித்து எண்ணெயின் தரம் போய்விடும். விமானம் தரையில் முடங்குவதைப் பற்றி வகுப்பில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவியலும் அதன் வாடையும்தான் ஞாபகம் வரும்.

வேலை முடிந்ததும் லாக் புத்தகத்தில் எழுதுவார். மில்லில் எல்லாம் மலாய்தான். தேதி, நேரம், மிசின் எண், அப்புறம் ஒரு வரி: 'பேரிங் ரோசாக், சுடா துக்கார்'. பேரிங் கெட்டது, மாற்றியாயிற்று. அவ்வளவுதான். எந்தப் பக்கத்துப் பேரிங்? உள்வளையத்தில் உலோகம் உரிந்திருந்ததா, சூட்டில் நீலம் பாய்ந்திருந்ததா, கிரீஸ் காய்ந்து கட்டியாகிக் கிடந்ததா? எதுவும் இருக்காது. வீட்டில் கேட்டால் எல்லாம் சொல்வார், ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாற்றியதையும் சேர்த்து. அவர் மண்டைக்குள் இருப்பது முழு நூலகம். புத்தகத்தில் இருப்பது நாலு வார்த்தை.

நான் சொல்ல வந்ததும் இதுதான். விமானப் பராமரிப்பில் தரவுக்குப் பஞ்சமே இல்லை. கழற்றிய கை என்ன பார்த்தது என்பதற்குத்தான் பஞ்சம்.

இந்தத் துறைக்கு வருகிற மாணவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் முதலில் கைவைப்பது ஒரே கோப்பு. நாசா 2008-ல் வெளியிட்ட சி-மேப்ஸ் தரவு. அதன் முதல் தொகுதியில் 100 டர்போஃபேன் இன்ஜின்களின் வரலாறு இருக்கிறது. தலைப்பே இல்லாத 26 நெடுவரிசைகள்: இன்ஜின் எண், எத்தனையாவது சைக்கிள் (ஒரு சைக்கிள் என்றால் ஒரு பறப்பு), இயக்க நிலைகள் 3, சென்சார்கள் 21. ஒவ்வொரு இன்ஜினும் நல்ல நிலையில் தொடங்கி, கெட்டுப்போகும்வரை ஓடுகிறது. சீக்கிரம் முடிந்தது 128 சைக்கிளில், நீண்ட நாள் தாங்கியது 362-ல். திறந்ததும் முதல் சென்சார் நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை 518.67, 518.67, 518.67 என்று ஒரே எண் ஓடும். பார்த்ததும் எல்லோரும் செய்வது, 'மாறாத நெடுவரிசை, பயனில்லை' என்று நீக்கிவிடுவது. நீக்க வேண்டியதுதான். ஆனால் அது என்ன எண்? இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் வெப்பம், ராங்கின் அளவில். நம் அளவில் சரியாக 15 டிகிரி செல்சியஸ், பாடநூல் சொல்லும் கடல்மட்டத்து நியம வெப்பநிலை. அதாவது இந்த 100 இன்ஜின்களும் வாழ்நாள் முழுக்க ஒரே குளிர்ந்த காற்றைத்தான் குடித்திருக்கின்றன. பினாங்கு பாயான் லெப்பாஸ் ஓடுபாதையில் பிற்பகல் 2 மணிக்கு நிற்கும் விமானத்துக்கு இப்படி ஒரு சுகம் எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. கணினியில் பாவனையாக உருவாக்கிய தரவு என்பது அந்த ஒரு நெடுவரிசையிலேயே தெரிந்துவிடும்.

நாசாக்காரர்கள் அதை மறைக்கவில்லை. பயிற்சிக்கென்று கொடுத்ததைப் பயிற்சிக்கென்றே கொடுத்தார்கள். எனக்குக் கோபம், அதை வைத்துக்கொண்டு கணிப்பின் பிழையை ஒரு புள்ளி, அரைப் புள்ளி குறைத்துவிட்டு, விமானப் பராமரிப்பையே மாற்றிவிட்டதாக எழுதுகிறவர்கள் மேல். அந்தக் கோப்பில் நான் மதிக்கும் விஷயம் வேறு. கணிப்பு தவறினால் தண்டனைப் புள்ளி போட அதோடு வந்த மதிப்பெண் சூத்திரம். இன்ஜின் உண்மையில் கெடுவதைவிட 30 சைக்கிள் முந்திக் கெடும் என்று கணித்தால் தண்டனை 9 சொச்சம். அதே 30 சைக்கிள் பிந்திக் கெடும் என்று கணித்தால் 19 சொச்சம். முந்திச் சொன்னால் காசு நஷ்டம், பிந்திச் சொன்னால் அதைவிடப் பெரிய நஷ்டம் என்ற அனுபவத்தைக் கணக்குக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

நிஜ உலகில் அந்த 100 இன்ஜின்கள் மாதிரி கெடும்வரை ஓட யாரும் விடுவதில்லை. விடவும் கூடாது. சந்தேகம் வந்ததுமே கழற்றிவிடுவார்கள். அதனால் 'இப்படித்தான் கெட்டது' என்று முடிகிற கதைகள் மிகக் குறைவு. 'கெடுவதற்குள் எடுத்துவிட்டோம்' என்று பாதியில் நிற்கும் கதைகள்தான் மலை மலையாக இருக்கின்றன. பராமரிப்பு எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவுக்குக் கணினிக்குக் கற்றுக்கொள்ள உதாரணம் குறையும். வேடிக்கைதான்.

இன்ஜினைக் கண்காணிப்பவர்கள் உண்மையில் எப்படி யோசிக்கிறார்கள் என்று படித்தபோதுதான் இந்தத் துறை எனக்குப் பிடித்துப்போனது. இன்ஜினின் வெளியேற்று வெப்பம் இருக்க வேண்டிய அளவை விட எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று ஒவ்வொரு பறப்பிலும் பார்க்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் விலகல் கூடுகிறது என்று வையுங்கள். இன்ஜின் கெடுகிறதா? முதலில் பக்கத்து இன்ஜினைப் பார். இரண்டும் ஒரே நாளில், ஒரே அளவு ஏறியிருந்தால் இரண்டு இன்ஜினும் கைகோத்துக்கொண்டு கெட வாய்ப்பு குறைவு. வெளிக்காற்றின் வெப்பத்தையோ வேகத்தையோ அளக்கும் கருவிதான் பொய் சொல்கிறது. ஒன்றில் மட்டும் வெப்பம் ஏறி, எரிபொருள் ஓட்டமும் சுழற்சி வேகமும் அசையாமல் இருந்தால் வெப்பமானியைச் சந்தேகப்படு. மூன்றும் சேர்ந்து நகர்ந்தால்தான் இன்ஜினுக்குள் பார்க்க வேண்டும். சமயத்தில் கம்ப்ரஸரில் படிந்த அழுக்காக இருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவினால் கூடிய டிகிரியில் கொஞ்சம் இறங்கும். அப்பா ஆம்பியரையும் பார்த்து, சக்கையையும் நசுக்கி, காதையும் வைத்தது எதற்கென்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு சாட்சியை மட்டும் நம்பி மிசினைக் கழற்ற மாட்டார்.

சரி, கழற்றியாயிற்று. பட்டறைக்கு அனுப்பியாயிற்று. அங்கே சோதித்துவிட்டு, 'கோளாறு எதுவும் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உலகம் முழுக்க விமானத்துறையில் தீராத தலைவலி இது. சாமான் உண்மையிலேயே நன்றாக இருந்ததா, கோளாறு பக்கத்து ஒயரிலா, மேலே குளிரில் மட்டும் வந்து கீழே வந்ததும் மறைந்துவிடும் கோளாறா? பதிவேட்டில், 'சோதித்தது, சரி' என்ற இரண்டு வார்த்தை மட்டும் மிஞ்சும். இதை வைத்துக் கணினிக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? கெட்டது என்றா, கெடவில்லை என்றா?

பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலோஹா ஏர்லைன்ஸ் 243-ஐவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1988 ஏப்ரல் 28, ஹவாய். தீவுக்குத் தீவு சின்னச் சின்னப் பறப்பு பறந்துகொண்டிருந்த போயிங் 737-ன் மேற்கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே தூக்கி வீசப்பட்டு இறந்தார். விமானத்தை இறக்கிவிட்டார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். 75,000 சைக்கிளுக்கென்று வடிவமைத்த விமானம் அன்றைக்கு 89,680 சைக்கிள் பறந்திருந்தது. உப்புக் காற்று, உலோகச் சோர்வு, சரியாக ஒட்டாத தகடுகள், பரிசோதனையில் தப்பிப்போன வெடிப்புகள் என்று காரணங்களை அடுக்கினார்கள். அந்த விசாரணையில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் உடற்பகுதியில் வெடிப்பு ஒன்றை ஒரு பயணி கவனித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நமக்கென்ன தெரியும், அவர்கள் பார்த்திருக்க மாட்டார்களா என்று நினைத்திருப்பார். நான் அங்கே இருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதனால் என் கடைசி வருஷத் திட்டத்துக்குச் சென்சாரை விட்டுவிட்டு எழுத்தை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் விமானப் பயிற்சி தரும் பல்கலைக்கழகம் ஒன்றின் பராமரிப்புக் குறிப்புகள் ஆராய்ச்சிக்காகப் பொதுவில் கிடைக்கின்றன. சின்னப் பயிற்சி விமானங்கள். குறிப்புகளில் பாதி சுருக்கெழுத்து, மீதியில் எழுத்துப்பிழை. கேஸ்கெட் கசிகிறது, தடுப்புத் தகட்டில் வெடிப்பு, இன்ஜின் கரடுமுரடாக ஓடுகிறது. ஒரே கோளாறை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சுருக்கியிருப்பார்கள். அவையெல்லாம் ஒன்றே என்று கணினிக்குப் புரியவைப்பது முதல் படி. அதைவிட எனக்கு முக்கியம், எந்த மாதிரிக் குறிப்பு பிற்பாடு உதவியது, எது உதவவில்லை என்று பிரிப்பது. மெக்கானிக்குக்கு நீளமான படிவம் கொடுத்தால் நிரப்ப மாட்டார். நள்ளிரவு ஷிப்டில், வேர்வையில், விடிகாலை 6 மணிக்கு விமானம் கிளம்பியாக வேண்டும் என்கிற நெருக்கடியில் யார் கட்டுரை எழுதுவார்கள்? மூன்று வார்த்தைதான் எழுதுவார் என்றால் அந்த மூன்று எவையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அப்பாவிடம் கேட்டேன். "எங்க, எப்டி இருந்துச்சு, ஏன்னு தோணுது" என்றார். முதல் இரண்டோடு ஒத்துப்போகிறேன். மூன்றாவதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். காரணத்தை ஊகித்து எழுதினால் அடுத்து வருகிறவர் அதையே நம்பி வேறெதையும் பார்க்க மாட்டார் என்பது என் கட்சி. ஊகிக்காதவன் பிட்டரே இல்லை என்பது அவர் கட்சி.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், என் ஜூனியர்கள் கேட்பதால். கணினி என்ன சொன்னாலும் விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது லைசென்ஸ் உள்ள பராமரிப்புப் பொறியாளர்தான். இயந்திரப் பக்கம் என்றால் பி1, மின்னணுப் பக்கம் என்றால் பி2. டிகிரி இருந்தாலே அந்தக் கையெழுத்து வந்துவிடாது. தேர்வுத்தாள்களும் ஹேங்கரில் வருஷக்கணக்கான அனுபவமும் வேண்டும். கணினி எச்சரித்தால் கூடுதலாக ஒரு வேலையைச் சேர்ப்பது சுலபம். கணினி நல்லா இருக்கிறது என்கிறதே என்று அட்டவணையில் உள்ள வேலையை நீக்குவது அப்படியல்ல. அதற்கு உற்பத்தியாளர், விமான நிறுவனம், அரசு அதிகாரிகள் எல்லோரும் ஒப்புக்கொண்டாக வேண்டும். அது சரிதான் என்றே நினைக்கிறேன்.

நானும் படிப்பு முடிந்ததும் நேராக ஹேங்கருக்குப் போவதாக இருக்கிறேன். குளிரூட்டிய அறையில் திரையைப் பார்க்கிற வேலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதைத் தீபாவளிக்கு வந்த பெரியம்மாவிடம் சொன்னபோது, "டிகிரிய முடிச்சிட்டு மறுபடியும் ஸ்பேனராடி?" என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா முறுக்கை மென்றுகொண்டே, "ஓ.டி. இருக்குமா அங்க?" என்றார். இருக்கும் என்றேன். சுபாங்கில் ஒன்றும் சிப்பாங்கில் ஒன்றுமாக விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.